பம்பு கைப்பிடியா, மரணப் பதிவேடா? லண்டன் காலராவைத் துரத்திப் பிடித்தது எது?

கணக்குப்பிள்ளை:
போன வாரம் இங்கே ஒருவர் பகிர்ந்ததைப் படித்தேன். வழக்கமான கதைதான். 1854, லண்டன் சோஹோ பகுதி. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் காலராவில் செத்தவர்களை வரைபடத்தில் கோடு கோடாகப் போட்டாராம், கோடெல்லாம் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி மொய்த்ததாம், கைப்பிடியைக் கழற்றியதும் காலரா ஓடியே போய்விட்டதாம்.

இதில் வரிசையே தப்பு. கைப்பிடி கழன்றது செப்டம்பர் 8. ஸ்னோ வரைபடத்தைத் தொற்றுநோய் ஆய்வாளர் சபையில் காட்டியது டிசம்பரில். செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் கையில் இருந்தது வரைபடம் இல்லை, ஒரு பட்டியல். தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், செப்டம்பர் 2-ஆம் தேதியோடு முடிந்த வாரத்தின் கடைசி மூன்று நாளில் அந்தப் பகுதியில் காலராவால் பதிவான 83 மரணங்களை முகவரியோடு வாங்கினார். அதை வைத்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போனார். 73 பேர் பிராட் தெரு பம்புக்குப் பக்கத்துக்காரர்கள். அதில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று தெரிந்தது.

அந்தப் பட்டியல் சும்மா வரவில்லை. இங்கிலாந்தில் 1837 ஜூலையில் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது. அந்த அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்த்த வில்லியம் ஃபார் என்ற மனிதர், லண்டனின் எந்தப் பதிவு வட்டாரத்தில் எந்த நோயால் எத்தனை பேர் என்று வாராவாரம் அச்சடித்துக் கொடுத்தார். 23 லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் போன வாரம் செத்தவர்களின் கணக்கு இந்த வாரம் கையில். ஸ்னோவுக்கு நினைவுப் பம்பு, அவர் பெயரில் மதுக்கடை. ஃபாரை யாருக்குத் தெரியும்?

நிலவேம்பு:
கணக்கு சார், வரைபடக் கதை தப்பு என்பதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் ஃபாரைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் அவர் அந்தக் கணக்கை வைத்து என்ன சொன்னார் என்பதையும் சொல்லுங்கள்.

1849 காலராவில் லண்டனில் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஃபார் உட்கார்ந்து வட்டாரம் வட்டாரமாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து தரை எவ்வளவு உயரமோ அந்த அளவுக்குச் சாவு குறைவு. 20 அடிக்குக் கீழே இருந்த வட்டாரங்களில் 10,000 பேருக்கு 102 சாவு. 350 அடி உயரத்தில் ஹாம்ஸ்டெட் மேட்டில் பத்துக்கும் கீழே. இடையிலும் படிப்படியாக இறங்கியது. சூத்திரமே எழுதிவிட்டார். ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து எழும் கெட்ட காற்று மேலே போகப் போக நீர்த்துப் போகிறது என்று விளக்கமும் கொடுத்தார்.

கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. பொருந்தியதுதான் வம்பே. தாழ்ந்த வட்டாரத்துக்காரர்கள்தான் ஊர்க் கழிவெல்லாம் கலந்த தேம்ஸ் தண்ணீரைக் குடித்தவர்கள். அது அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது ஏட்டுக்கே பொருந்துகிற பழமொழி.

நான் நகராட்சியில் களப்பணி பார்க்கிறவள். டெங்கு சீசனில் மேலிடத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். பாதி முகவரியில் ஆளே இருக்க மாட்டார். ஆதார் அட்டையில் மாமியார் வீடு, காய்ச்சல் வந்தது வேலை பார்க்கிற ஊரில். பட்டியலை நம்பினால் கொசு மருந்தை மாமியார் வீட்டில் அடித்துவிட்டு வரவேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை:
மாமியார் வீடு ரசித்தேன். ஆனால் ஃபார் உயரக் கணக்கை மறைத்து வைக்கவில்லையே. அட்டவணையை அப்படியே அச்சில் போட்டார். எதிர்த்துப் பேசுகிறவனுக்கும் அவர் அச்சிட்ட எண்கள்தான் ஆயுதம். ஸ்னோ 1849-இலேயே தண்ணீர்தான் காரணம் என்று சிறு நூல் போட்டார். யாரும் காதில் வாங்கவில்லை, ஏனென்றால் அதில் எண் இல்லை. எண் கிடைத்தது 1854-இல்தான். யாரிடமிருந்து? ஃபாரிடமிருந்து.

வெட்டிப்பேச்சு:
பிராட் தெருவில் ஒரு பீர் ஆலை இருந்ததாமே, அங்கே வேலை பார்த்தவர்கள் ஒருவரும் சாகவில்லையாமே. முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டு என்னென்னமோ பேசுகிறீர்கள்.

நிலவேம்பு:
@வெட்டிப்பேச்சு உண்மைதான். எழுபதுக்கு மேற்பட்ட ஆட்கள். அவர்களுக்கு பீர் இலவசம், ஆலைக்குள்ளேயே தனிக் கிணறு. தெருப் பம்புப் பக்கம் அவர்கள் போகவே இல்லை என்று முதலாளியே ஸ்னோவிடம் சொன்னார். பக்கத்தில் போலந்து தெருவில் ஏழைகள் விடுதி. 535 பேர் இருந்த இடத்தில் காலராவில் செத்தது 5 பேர். அங்கேயும் சொந்தக் கிணறு. நேர்மாறாக, ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை. அவர் சோஹோ பக்கமே வருவதில்லை. ஆனால் பழைய ருசி விடவில்லை, பிராட் தெருத் தண்ணீரைத் தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தார். செத்தார். ஃபாரின் கணக்கில் அந்தச் சாவு உயரமான, ஆரோக்கியமான ஹாம்ஸ்டெட் கணக்கில்தான் போய் உட்காரும்.

கணக்கு சார், இதைத்தான் சொல்கிறேன். சாகாதவனைப் பதிவேடு எழுதாது. பீர் ஆலையில் ஒருவரும் சாகவில்லை என்பது எந்த ஏட்டில் இருந்தது? கதவைத் தட்டியவனுக்குத்தான் அது தெரியும்.

மணிமுத்தாறு:
நான் வரைபடத் துறை ஆள், அதனால் என் சரக்கைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். பிராட் தெருச் சாவுகளை முதலில் வரைபடத்தில் குறித்தவர் ஸ்னோ இல்லை. கழிவுநீர் ஆணையத்துப் பொறியாளர் எட்மண்ட் கூப்பர். செப்டம்பரிலேயே குறித்துவிட்டார். எதற்கு? 1665 பிளேக்கில் செத்தவர்களைப் புதைத்த குழியைத் தோண்டிச் சாக்கடை போட்டுவிட்டார்கள், அங்கிருந்துதான் விஷம் வருகிறது என்று அந்தப் பகுதி மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அப்படி இல்லை என்று காட்ட வரைந்தார். அவர் வரைபடத்திலும் சாவெல்லாம் பம்பைச் சுற்றித்தான். அவர் தேடியது சாக்கடை, அதனால் பம்பைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

ஆக வரைபடம் எதையும் தானாகச் சொல்லாது. உங்கள் இருவர் சண்டையிலும் விட்டுப்போவது வேறொன்று: வட்டாரம் என்கிற அந்த எல்லைக்கோடு. பதிவாளர் வசதிக்காகப் போட்ட கோடு அது. அந்தக் கோட்டைப் பார்த்து நின்று திரும்பிப் போக காலராவுக்கு என்ன தலையெழுத்தா?

நிலவேம்பு:
மணிமுத்தாறு அண்ணே, அதற்குச் சரியான உதாரணம் பிராட் தெரு இல்லை, தெற்கு லண்டன். அதே 1854 வருடம்தான், ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அங்கே இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள். போட்டி போட்டுக் குழாய் பதித்ததால் ஒரே தெருவில் இரண்டு குழாயும் ஓடும். இந்த வீட்டுக்கு ஒரு கம்பெனி, அடுத்த வீட்டுக்கு இன்னொன்று. பணக்காரன், ஏழை, மேடு, பள்ளம், காற்று எல்லாம் ஒன்றுதான். சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி பேட்டர்சீயில் ஊர்க் கழிவு கலந்த தேம்ஸிலிருந்து எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-இலேயே ஆற்றின் மேல்போக்கில், ஊர்க் கழிவு கலக்காத தேம்ஸ் டிட்டனுக்கு மாறிவிட்டது. எல்லாக் கம்பெனிகளும் 1855-க்குள் மேலே போயாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. லாம்பெத் முந்திக்கொண்டது, மற்றது கடைசி வரை இழுத்தடித்தது. நடுவில் கிடைத்த அந்தச் சில வருடங்களில்தான் காலரா வந்தது.

வட்டாரக் கணக்கு இங்கே பிரயோஜனமே இல்லை. இரண்டு தண்ணீரும் ஒரே வட்டாரத்துக்குள் கலந்து ஓடும்போது சராசரியில் என்ன தெரியும்? செத்தவர் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்க வேண்டும். கேட்டால் குடியிருப்பவருக்குத் தெரியாது. வரி கட்டுகிறவர் வேறு எங்கோ இருக்கிற வீட்டுக்காரர். ஸ்னோ என்ன செய்தார்? ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சில்வர் நைட்ரேட் விட்டால் உப்பு இருக்கிற தண்ணீர் பால் மாதிரி திரிந்து வெள்ளையாக இறங்கும். தேம்ஸ் டிட்டன் தண்ணீரில் ஒரு கேலனுக்கு ஒரு கிரெய்ன் (பழைய சிறு எடை அளவு) உப்புகூட இல்லை. பேட்டர்சீ தண்ணீரில் 37.9 கிரெய்ன். கடல் ஏற்றமும் ஊர்க் கழிவும் சேர்ந்தது. குப்பியைப் பார்த்தாலே கம்பெனி பெயர் தெரியும்.

முதல் ஏழு வாரக் கணக்கு: சதர்க் கம்பெனி 40,046 வீடுகள், 1,263 சாவு. லாம்பெத் 26,107 வீடுகள், 98 சாவு. 10,000 வீட்டுக்கு 315, அந்தப் பக்கம் 37. இதை எந்தப் பதிவு அலுவலக மேசையும் கொடுத்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
கொடுத்தது அம்மா, கொடுத்தது. நீங்கள் பாதியில் விட்ட கதையை நான் முடிக்கிறேன்.

முதல் நாலு வாரத்தில் செத்த 334 பேரின் முகவரி யார் கொடுத்தது? பதிவு அலுவலகம். அதில் 286 வீடுகள் சதர்க் கம்பெனி, 14 லாம்பெத் என்று ஸ்னோ கொண்டுவந்து காட்டியதும் ஃபார் என்ன செய்தார்? ‘என் உயரச் சூத்திரம் இருக்கிறதே’ என்று முறுக்கிக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 26-க்குப் பிறகு தெற்கு லண்டனில் பதிவாகும் ஒவ்வொரு காலராச் சாவுக்கும் அந்த வீட்டின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுத வேண்டுமென எல்லாப் பதிவாளர்களுக்கும் உத்தரவு போகும்படி செய்தார். தனக்கு எதிரான கருத்துக்குச் சாட்சி திரட்ட அரசு இயந்திரத்தையே திறந்துவிட்டார். தனியாளாக ஒரு டாக்டரும் ஓர் உதவியாளரும் எத்தனை ஆயிரம் கதவைத் தட்ட முடியும்? கடைசிக் கணக்குக்கு எல்லா வீட்டின் எண்ணிக்கையும் வேண்டுமே, அந்த 40,046 என்ற எண்ணே கம்பெனிகள் பாராளுமன்றத்துக்குக் கொடுத்த கணக்கு. கீழே இருக்கும் எண் இல்லாமல் மேலே இருக்கும் சாவு எண்ணுக்கு அர்த்தம் ஏது?

நிலவேம்பு:
சாட்சி திரட்டினார், சரி. தீர்ப்பு என்ன சொன்னார்? 1855-இல் சுகாதார வாரியத்தின் அறிவியல் குழு பிராட் தெருவை விசாரித்துவிட்டு, தண்ணீர்தான் காரணம் என்று நம்ப முகாந்திரம் இல்லை என்றது. அந்தக் குழுவில் ஃபாரும் ஓர் உறுப்பினர். ஸ்னோ 1858-இல் இறந்தார். இறக்கும்வரை பெரிய மனிதர்கள் அவர் பேச்சை ஏற்கவில்லை.

தறிச்சத்தம்:
தோழர்களே, ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்க் கம்பெனி முதலாளிகள் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

1866. மறுபடி காலரா. இந்த முறை கிழக்கு லண்டன், கூலித் தொழிலாளர் பகுதி. நகரம் முழுக்க 5,500-க்கு மேல் சாவு, அதில் பெரும்பகுதி கிழக்கில். ஊர் முழுக்கப் புதுச் சாக்கடை கட்டியாகிவிட்டது, ஆனால் கிழக்குக்கு மட்டும் இணைப்பு முடியவில்லை. ஏபி மில்ஸ் பம்பு நிலையம் திறந்தது 1868-இல். யாருக்குக் கடைசியில் வரும் என்பது நமக்குத் தெரியாததா?

அங்கே ஈஸ்ட் லண்டன் வாட்டர் கம்பெனி. அதன் பொறியாளர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறார்: பல வருடங்களாக வடிகட்டாத ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நாங்கள் விட்டதில்லை. எழுதின மை காய்வதற்குள் ஜனங்கள் குழாயில் வந்த விலாங்கு மீனைக் கொண்டுவந்து காட்டினார்கள். வடிகட்டியைத் தாண்டி விலாங்கு எப்படி வந்தது? விசாரித்தால் ஓல்ட் ஃபோர்டில் லீ ஆற்றங்கரையில் இருந்த பழைய திறந்த தொட்டியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மூடாத தொட்டித் தண்ணீரை விடக்கூடாது என்று 1852-லேயே சட்டம். தொட்டியிலிருந்து அரை மைல் கீழே, ஜூன் 27-ஆம் தேதி ஒரு தொழிலாளியும் மனைவியும் காலராவில் செத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக் கழிப்பறை நேராக ஆற்றில் இறங்குகிறது.

பதிவேடு பிடித்ததா, கதவு தட்டியது பிடித்ததா என்கிறீர்கள். கம்பெனியைப் பிடித்தார்களா என்று கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தறிச்சத்தம் நல்ல இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் கம்பெனியைக் குறிவைத்தது யார்? சாட்சாத் ஃபார்தான். கிழக்கு வட்டாரங்களின் சாவு ஒரேயடியாக ஏறுவதை வார அறிக்கையில் பார்த்ததும், உயரத்தையோ காற்றையோ தேடி அவர் போகவில்லை. இந்த வட்டாரங்களுக்கெல்லாம் தண்ணீர் யார் கொடுக்கிறார் என்றுதான் முதலில் பார்த்தார். கம்பெனி விநியோக எல்லையும் காலரா எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தின. அதற்கப்புறம் அரசு மருத்துவ ஆய்வாளர் நெட்டன் ராட்கிளிஃப் நேரில் போய் விசாரித்து உறுதி செய்தார். பிறகு ஃபார் தன் அறிக்கையில் கிண்டலாக எழுதினார்: தண்ணீரைப் போல் காற்றை விற்க லண்டனில் கம்பெனி இல்லை, அதனால்தான் விசாரணைக் குழுக்களில் எப்போதும் பழி காற்றின் மேல் விழுந்தது என்று. உங்கள் கட்சிக்காரர் ஆகவேண்டியவர் தோழர்!

1854-இல் ஸ்னோவுக்கு மாதங்கள் பிடித்தது. 1866-இல் வாரக்கணக்கில் முடிந்தது. அதுதான் பதிவேட்டின் பலம்.

மணிமுத்தாறு:
பொருந்தியது என்பதால் உடனே துள்ள வேண்டாம். உயரமும்தான் பொருந்தியது. நல்ல வேளை, 1866-இல் ஸ்னோவின் கேள்வி அவர் மண்டையில் இருந்தது. இல்லாவிட்டால் கிழக்கு லண்டன் தாழ்ந்த நிலம்தானே, பழைய சூத்திரமே போதும் என்று உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1881-இல் ஃபுல்ஹாம் பெரியம்மை மருத்துவமனையைச் சுற்றிக் கால் மைல், அரை மைல், முக்கால் மைல் என்று வட்டம் போட்டு, எந்த வளையத்தில் எத்தனை வீட்டில் அம்மை என்று பவர் என்ற அதிகாரி எண்ணினார். கிட்டே போகப் போக அம்மை அதிகம். படிப்படியான இறக்கம், அதே ஃபாரின் உயர அட்டவணை மாதிரி. அதனால் மருத்துவமனையிலிருந்து காற்றிலேயே பரவுகிறது என்றார். இல்லை, பால்காரர், வேலைக்காரர், பார்க்க வந்த உறவுக்காரர் வழியாகத்தான் போகிறது என்று எதிர்த்தரப்பு. வளையத்தை எத்தனை முறை வரைந்தாலும் இந்தச் சண்டை தீராது, ஏனென்றால் இரண்டு காரணத்துக்கும் ஒரே வளையம்தான் வரும். கடைசியில் நோயாளிகளை ஆற்றின் கீழே கப்பல்களில் கொண்டுபோய் வைத்தார்கள்.

தறிச்சத்தம்:
கப்பலில் வைக்கப்பட்டவர்களைக் கேட்டார்களா?

நிலவேம்பு:
கணக்கு சார் இன்னும் ஹென்றி வைட்ஹெட் பெயரைச் சொல்லவில்லை. தெரிந்தேதான் விட்டாரோ?

பிராட் தெருப் பகுதியின் உதவிப் பாதிரியார், இருபத்தொன்பது வயது. ஸ்னோ சொன்னதை நம்பாதவர், பொய் என்று நிரூபிக்கவே கிளம்பினார். ஸ்னோவுக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது: அந்தத் தெருவில் எல்லோரும் அவருக்கு முகம் தெரிந்தவர்கள். ஒரே வீட்டுக்கு நாலைந்து தடவை போவார். குடித்தாயா, எப்போது குடித்தாய், யார் எடுத்து வந்தது, ஊரை விட்டுப் போனவன் எங்கே போனான். ஓடிப்போனவர்களையும் விடாமல் பிடித்துக் கேட்டார். கடைசியில் ஸ்னோ சொன்னதுதான் சரி என்று அவரே எழுதினார்.

கணக்குப்பிள்ளை:
விடவில்லை, காத்திருந்தேன். அந்தத் தொற்று எங்கே தொடங்கியது என்று வைட்ஹெட் எப்படிக் கண்டுபிடித்தார்? 1855-இல் வேறெதற்கோ பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. பிராட் தெரு 40-ஆம் எண், செப்டம்பர் 2, ஐந்து மாதப் பெண் குழந்தை, நாலு நாள் வயிற்றுப்போக்குக்குப் பின் சோர்வால் மரணம். ஊரில் காலரா வெடித்தது ஆகஸ்ட் 31 இரவு. இந்தக் குழந்தைக்கு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. வீடு பம்புக்கு நேர் எதிரே. தோண்டிப் பார்த்தார்கள். வீட்டு மலக்குழிக்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே மூன்றடிகூட இல்லை, செங்கல் பொலபொலவென்று உதிர்ந்து கிடந்தது. தாய் துணி அலசிய தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள்தான் போயிருக்கிறது. எங்கே கிடைத்தது விடை? ஏட்டில்!

நிலவேம்பு:
அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள் சார். ‘வயிற்றுப்போக்கு.’ காலரா என்று எழுதவில்லை. அதனால்தான் ஸ்னோ வாங்கின 83 பேர் பட்டியலில் அது வரவே இல்லை. உங்கள் ஏடு அந்தக் குழந்தையை வேறொரு தலைப்பின் கீழ் போட்டு மூடிவிட்டது. சாவுக்கு என்ன காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டமே 1874-இல்தான் வந்தது. 40-ஆம் எண் எங்கே இருக்கிறது, பம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரு ஆள் புரட்டியதால் நின்றது. பதிவு அலுவலகத்து எழுத்தரே புரட்டியிருந்தால் அடுத்த பக்கம் போயிருப்பார்.

இன்னொன்று. அந்த வீட்டுத் தகப்பன், போலீஸ்காரர், காலராவில் விழுந்தது செப்டம்பர் 8. கைப்பிடி கழன்ற அதே நாள். அவர் துணியும் அதே குழிக்குள்தான் போயிருக்கும். அதற்குள் ஊரில் சாவு குறைந்துவிட்டது, ஜனங்கள் ஓடிவிட்டார்கள், கைப்பிடி கழற்றியது வீண் வேலை என்று பேசுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. கழற்றாமல் விட்டிருந்தால் இரண்டாவது சுற்று நிச்சயம். இதையும் எடுத்துச் சொன்னவர் வைட்ஹெட்தான்.

கணக்குப்பிள்ளை:
ஏட்டில் தேதியும் கதவு எண்ணும் இருந்ததால்தானே அவர் நிற்க முடிந்தது? வாய்மொழியில் விட்டிருந்தால் ஆறு மாதம் கழித்து அந்தக் குழந்தைக்கு எந்தக் கிழமை வயிற்றுப்போக்கு வந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? தலைப்பு தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தப்பான தலைப்பின் கீழாவது எழுதி வைத்திருந்தார்கள்.

தறிச்சத்தம்:
செத்தவர் ஏடு, செத்தவர் பட்டியல். உயிரோடு இருக்கிறவன் நோயைப் பற்றிப் பேசவே அவர்களுக்கு 1889 ஆனது. அந்த வருடச் சட்டப்படி லண்டனில் பெரியம்மை, காலரா, டைபாய்டு, டிப்தீரியா, ஸ்கார்லெட் காய்ச்சல் என்று சில நோய்களைப் பார்த்தால் டாக்டர் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்த நோயாளியென்றால் இரண்டரை ஷில்லிங் கூலி, பொது மருத்துவமனை நோயாளியென்றால் ஒரு ஷில்லிங். ஏழை நோயாளியின் தகவலுக்கு விலைகூடக் குறைவு! டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள், நோயாளியின் ரகசியம் என்றார்கள். தகவல் போன மறுநாள் கிருமிநாசினியோடு ஆள் வந்து நிற்பான். துணியை எரித்தால் மாற்றுத் துணிக்கு எங்கே போவது? அதனால் மறைத்தார்கள். மறைக்கிறவன் மேல் அபராதம்.

நிலவேம்பு:
அபராதம் போட்டால் மறைப்பது கூடும் தோழர், இன்றைக்கும் அதேதான். காய்ச்சல் என்று சொன்னால் வீட்டு முன்னால் நோட்டீஸ் ஒட்டுவீர்களா என்றுதான் முதல் கேள்வி வருகிறது. ஆனால் தெரிவிக்கும் சட்டமே வேண்டாம் என்று சொல்ல வருகிறீர்களா? சாவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஐந்து பேர் விழுந்து ஒருவர் செத்தபிறகுதான் நமக்குத் தெரியும்.

மணிமுத்தாறு:
சட்டத்தின் பட்டியலைப் பாருங்கள், காசநோய் அதில் இல்லை. அந்தக் காலத்து லண்டனில் காலராவைவிடப் பல மடங்கு பேரைக் கொன்றது அதுதான், ஆண்டு தவறாமல். ஆனால் அது பிராட் தெருக் காலரா மாதிரி சில வாரத்தில் ஒரே பகுதியில் அறுநூறு பேரைச் சாய்க்கவில்லை, அதனால் யாரும் வளையம் போடவில்லை, யாரும் குப்பியோடு வரவில்லை. நுரையீரல் காசநோயைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று நாடு முழுவதும் சட்டமானது 1912-இல். ஃபாரின் ஏட்டில் அது முதல் வருடத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது கணக்கு சார். எண் இருந்தும் ஏன் எழுபது வருடம் யாரும் கதவைத் தட்டவில்லை? இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.